குரோம்பேட்டை ஃப்ளாட்டும் புரோக்கர் எடுத்த படங்களும்

குரோம்பேட்டையில் அம்மா பேரில் இருந்த ஃப்ளாட்டை 2025 தை மாதம் 51 லட்சத்துக்கு விற்றோம். விற்பனைக்குப் போட்டது அதற்கு முந்தின ஆனியில், 56 லட்சம் என்று. இடைப்பட்ட மாதங்களில் நான் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் இணையத்தில் ஏறிய படங்களால் வந்தது. தாய்ப்பத்திரம் இருக்கிறதா, இசி என்கிற வில்லங்கச் சான்று எத்தனை வருஷத்துக்குப் போட வேண்டும், வக்கீல் கருத்து எங்கே வாங்கலாம் என்றெல்லாம் சொல்ல சொந்தத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். படத்தைப் பற்றி ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. வெளியூரில் இருந்துகொண்டு சென்னையில் வீடு விற்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஆரம்பித்தால் நல்லது.

வீடு 2004-இல் கட்டியது. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 870 சதுர அடி, யுடிஎஸ், அதாவது மனையில் எங்கள் பிரிபடாத பங்கு, 410. கிழக்குப் பார்த்த வாசல், ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அப்பா 2024 தொடக்கத்தில் காலமான பிறகு அம்மாவைத் திருச்சிக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. கணவருக்கு மஸ்கட்டில் வேலை. நானோ பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள், சனி ஞாயிறு விட்டால் வேறு நாள் கிடைக்காது. வெள்ளிக்கிழமை இரவு ராக்ஃபோர்ட் ஏறி, விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் குரோம்பேட்டை போய், சாயங்காலம் திரும்புவது. இப்படி இருக்கும்போது, பக்கத்துத் தெருவில் ஆபீஸ் வைத்திருந்த புரோக்கர், “சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போங்க மேடம், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அவர் ஒரு சாயங்காலம் போய் எடுத்திருக்கிறார். மெயின் சுவிட்சை நாங்கள் அணைத்து வைத்திருந்தோம், அவர் அதைப் போடவில்லை. போனை நிமிர்த்திப் பிடித்து, வாசல்படியில் நின்றபடி ஒவ்வொரு அறையையும் கிளிக் கிளிக் என்று எடுத்து, வெளியே வரும்போது கடைசியாகப் பொதுக் குளியலறையையும் எடுத்திருக்கிறார். ஏற்றும்போது கடைசிப் படம் முதலாவதாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக, எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர் கண்ணில் முதலில் படுவது உப்புத்தண்ணீர் கறை பிடித்த டைல்ஸும் ஒரு நீல வாளியும். இந்தப் படங்களை நான் முதலில் பார்த்தது அவர் அனுப்பி அல்ல, குரோம்பேட்டையில் இருக்கும் சித்தப்பா மகன் ஏதோ வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்து எனக்கு அனுப்பி.

குளியலறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஹால் படத்தில் அப்பாவின் படம், மாலையும் சிவப்பு ஜீரோ வாட் பல்புமாக. படுக்கையறையில் நாங்கள் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டில், வாக்கர், கமோடு நாற்காலி. அலமாரித் தட்டில் மாத்திரை அட்டைகள். சுவரில் தினசரி காலண்டர் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன தேதியோடு அப்படியே நின்றிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மாவிடம் காட்டவில்லை, இன்றுவரை காட்டவில்லை.

கூச்சம் என் சொந்தப் பிரச்சினை என்று விட்டாலும், விலையை அது எப்படித் தொட்டது என்பது வந்த போன்களில் புரிந்தது. பேசியவர்கள் முதலில் கேட்டது வீட்டைப் பற்றி இல்லை. “ஐயா எப்பம்மா தவறினாரு?” என்று ஒருவர். “அம்மா மட்டும்தான் இருக்காங்களா? பையன் யாரும் இல்லையா?” என்று இன்னொருவர். அதற்கப்புறம், மிகவும் பரிவான குரலில், “நாப்பத்திரண்டுன்னா உடனே முடிச்சுக்கலாம், உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.” 56 சொன்ன வீட்டுக்கு 42. ஆள் இறந்த வீடு, பூட்டிக் கிடக்கிறது, வெளியூர்ப் பெண் தனியாக விற்கிறாள், எப்படியும் இறங்கி வருவாள் என்ற கணக்கு. அந்தக் கணக்குக்கு வேண்டிய எல்லாத் தகவலையும் ஏழெட்டுப் படங்கள் இலவசமாகக் கொடுத்திருந்தன. வீடு வாங்குகிறவர் படத்தில் சுவரை மட்டும் பார்ப்பதில்லை, விற்கிறவருக்கு எவ்வளவு அவசரம் என்பதையும் பார்க்கிறார். ஆகவே படம் எடுக்கும் முன் மாலை போட்ட படம், மருந்து, நோயாளிச் சாமான், பழைய காலண்டர், கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள் இவற்றையெல்லாம் ஒரு நாளைக்காவது வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். குழந்தைகள் படம், சான்றிதழ், ஈபி அட்டை, கதவு எண், சாவி மாட்டியிருக்கும் ஆணி இவையும் தெரியக் கூடாது. ‘காலி வீடு’ என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, கதவு எண்ணையும் படத்தில் காட்டுவது திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். அதற்காக வீட்டை மொட்டையாகவும் விடாதீர்கள். ஒரு திவானும் இரண்டு நாற்காலியும் இருந்தால்தான் அறையின் அளவு கண்ணுக்குப் பிடிபடும்.

படங்களை மாற்றச் சொல்லிக் கேட்டேன். “பார்ட்டி நேர்ல வந்து பாக்கத்தான போறாங்க மேடம்” என்பது பதில். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வீடு பார்க்கிறவர்களே குறைவு, முடிக்கிறவர்கள் அதைவிடக் குறைவு. விளம்பரம் போட்ட தேதி பக்கத்திலேயே தெரிவதால், ஆவணியில் பார்க்கிறவருக்கு “இவ்வளவு நாளா போகலையா, ஏதோ வில்லங்கம்” என்று தோன்றும். புரோக்கர் என்னைக் கேட்காமலே 52 என்று குறைத்துப் போட்டார். அதைவிடப் பெரிய தலைவலி, வேறு புரோக்கர்கள் அதே படங்களை எடுத்துத் தங்கள் போன் நம்பரைக் குறுக்கே அடித்து, ஆளுக்கொரு விலை போட்டது. 49, 54, 58 என்று ஒரே நீல வாளி மூன்று விலையில் உலாவியது. என்னிடம் பேச வந்தவர், “அங்க நாப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கே” என்று திரையைக் காட்டினால் நான் என்ன சொல்வது? யாரோ முன்பின் தெரியாதவர் போட்ட விலை, நான் பேரம் பேசும் உச்ச விலையாகிவிட்டது.

இதற்கு முழு மருந்து கிடையாது. ஆனால் கட்டுப்படுத்தலாம். படங்களை நீங்கள் எடுத்து நீங்கள் கொடுங்கள். இந்தப் படம், இந்த விலை, மாற்றுவதாக இருந்தால் என்னைக் கேட்டுவிட்டு என்று வாட்ஸ்அப்பில் எழுதி, புரோக்கரிடம் ‘சரி’ என்று பதில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. நான் நாலு புரோக்கருக்குக் கொடுத்தபோது ஆளுக்கு ஒரு படம் மட்டும் வேறு கோணத்தில் கொடுத்தேன். எங்கேயாவது தவறான விலையில் தென்பட்டால் யாரிடமிருந்து கசிந்தது என்று தெரிந்துவிடும். வீடு விற்கும் தளங்கள் பெரும்பாலானவற்றில் புகார் சொல்ல வழி இருக்கிறது, வீட்டு வரி ரசீதை இணைத்து எழுதினேன், சிலது எடுக்கப்பட்டது. சிலது இல்லை.

ஐப்பசி மழையில் வாட்ச்மேனிடமிருந்து ஒரு போன். ஒரு சின்ன வயதுத் தம்பதி, கையில் போன், அதில் எங்கள் வீட்டுப் படம். 12,000 வாடகை என்று போட்டிருந்ததாம். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருப்பதாகவும், வெளி மாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டதாகவும் சொல்லி, அடையாள அட்டைகூட அனுப்பி, “நிறையப் பேர் கேக்கறாங்க, டோக்கன் போட்டா உங்களுக்கு நிறுத்தி வைக்கிறேன்” என்று 5,000 வாங்கியிருக்கிறான். நான் போனில் அந்தப் பெண்ணிடம் பேசினேன். அழுதாள். விற்பனைக்குப் போட்ட படத்தை எடுத்து வாடகை மோசடி செய்கிறார்கள் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். ராணுவ அதிகாரி வேஷம் பல வருஷமாக நடக்கிற பழைய வித்தை என்று அப்புறம் தெரிந்தது. 1930-க்கு உடனே போன் செய்யச் சொன்னேன், சைபர் குற்றத்துக்கென்று உள்ள எண் அது. பணம் போன உடனே சொன்னால், போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. அவர்களுக்குப் பணம் திரும்பியதா தெரியவில்லை. நான் செய்ததெல்லாம், வாசல் கேட்டில் ‘இந்த வீடு வாடகைக்கு இல்லை’ என்று எழுதி ஒட்டியதுதான். பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்பனைக்குப் போடுகிறவர்கள் முதல் நாளே வாட்ச்மேனிடமும் எதிர் வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

இதே ஜாதியில் இன்னொன்று. ‘பத்திரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க’ என்று எல்லோரும் கேட்பார்கள். பதிவான பத்திரத்தில் படம், கைரேகை, கையெழுத்து, பான், ஆதார் எண் எல்லாம் ஒரே கட்டில் இருக்கும். அது பத்துக் குழுக்களில் சுற்றுவதற்கான பொருள் இல்லை. சொத்து விவரப் பக்கத்தை மட்டும், அதுவும் வீட்டை நேரில் வந்து பார்த்தவர்களுக்கு மட்டும், குறுக்கே ‘சரிபார்க்க மட்டும்’ என்று எழுதி அனுப்பினேன். மீதியை அவர்களுடைய வக்கீல் கேட்டபோது கொடுத்தேன்.

சரி, இரண்டாவது புரோக்கருக்கு வருகிறேன். இவர் நேர் எதிர். வீட்டைப் பெருக்கி, எல்லா விளக்கையும் போட்டு, அழகாக எடுத்தார். எடுத்த பிறகு ஏதோ செயலியில் போட்டுச் சாம்பல் வானத்தை நீலமாக்கினார், பால்கனிச் சுவரின் ஓதத்தை அழித்தார், கேட் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையே காணாமல் செய்துவிட்டார். பத்துக்குப் பதினொன்று படுக்கையறை கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. நிறையப் பேர் வந்தார்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயிலேறினேன். வந்தவர்கள் கேட்டிலேயே முகம் சுளித்தார்கள். மடிப்பாக்கத்திலிருந்து வயதான பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வந்த ஒருவர், இரண்டு மாடி ஏறி, படுக்கையறையைப் பார்த்துவிட்டு, “ஏம்மா இப்படிப் பொய் சொல்றீங்க? டிரான்ஸ்ஃபார்மர் எங்க போச்சு உங்க படத்துல?” என்று என்னைத்தான் கேட்டார். புரோக்கர் அப்போது கீழே யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தார். நான் சொல்லாத பொய்க்கு நான் நின்று திட்டு வாங்கினேன். அந்தப் பெரியவர் மூச்சு வாங்கியபடி படி இறங்கியது இன்னும் உறுத்துகிறது. என் எண்ணம் என்னவென்றால், மோசமான படம் ஆளை வரவிடாது, பூசி மெழுகிய படம் வரக்கூடாத ஆளையெல்லாம் வரவழைக்கும். இரண்டாவதில் ரயில் டிக்கெட்டும் மானமும் சேர்ந்து போகிறது.

கார்த்திகையில் நானே எடுத்தேன். அதற்கு முன் வீட்டுக்குச் செலவு செய்தேன். ஓதம் அடித்த பால்கனிச் சுவருக்கும் ஹால் கூரைக்கும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க 18,000. குளியலறைக் கறையை ஆள் வைத்துத் தேய்க்க 3,500. எல்லா அறைக்கும் ஒரே நிற எல்இடி பல்பு. டியூப் லைட் வெள்ளையும் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிந்தால் ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும், பெயின்ட் போய்விட்டதோ என்று நினைப்பார்கள். முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்கவில்லை. வாங்குகிறவர் எப்படியும் தன் இஷ்டத்துக்கு அடித்துக்கொள்வார், அந்தக் காசு திரும்பி வராது.

எடுத்தது சாதாரண போனில்தான். லென்ஸை முந்தானையால் துடைத்துக்கொண்டேன், பாதிப் படங்கள் மங்கலாக வருவது விரல் எண்ணெயால். கிழக்குப் பார்த்த ஹாலைக் காலை எட்டு மணிக்கு எடுத்தால் ஜன்னல் மட்டும் வெளுத்துப்போய் அறை இருண்டுவிடுகிறது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு, பதினொரு மணிக்கு மேல், வெளிச்சம் சமமாகப் பரவியது. மேற்குப் பக்கத்துப் படுக்கையறைக்கு அதற்கும் முன்னாலேயே, காலையில். போனைப் படுக்கவாட்டில், நெஞ்சு உயரத்தில், சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும். மேலே கீழே சாய்த்தால் சுவர் விழுவதுபோல் வரும். திரையில் கட்டங்கள் தெரியும்படி வைத்துக்கொண்டால் கதவு ஓரத்தை அந்தக் கோட்டோடு பொருத்திக்கொள்ளலாம். அறையின் மூலையில் நின்று, இரண்டு சுவரும் கொஞ்சம் தரையும் தெரிகிற மாதிரி எடுத்தேன். 0.5 என்று இருக்கும் அகல லென்ஸைக் குளியலறைக்கு மட்டும்தான் பயன்படுத்தினேன், அங்கே வேறு வழியில்லை. படுக்கையறைக்கு அதைப் பயன்படுத்தினால் மறுபடியும் கல்யாண மண்டபம்தான்.

எதை முதலில் வைப்பது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். தேடுகிறவர் விரலால் தள்ளிக்கொண்டே போகும் வேகத்தில் ஒரு படத்துக்குத்தான் இடம். ஹாலை வாசலிலிருந்து பார்க்கும் படம், ஜன்னல் திறந்து, வெளியே வேப்பமரம் தெரிய. அடுத்தது சமையலறை, மேடை காலியாக. அப்புறம் அறைகள், குளியலறை கடைசிக்கு முன். பலர் விட்டுவிடுகிற படங்கள்தான் எனக்கு வேலை செய்தன. கார் நிறுத்தும் இடத்தில் எதிர் வீட்டு அக்காவின் காரை நிறுத்தச் சொல்லி ஒரு படம், இரண்டு பக்கமும் கதவு திறக்க இடம் இருக்கிறது என்று தெரியும்படி. சம்ப்பும் மோட்டாரும். படிக்கட்டு, லிஃப்ட் இல்லை என்பதை மறைக்காமல். தெரு, டிரான்ஸ்ஃபார்மரோடு. பெயின்டுக்கு முன் இருந்த ஓதம், சரிசெய்த பின், இரண்டும். காகிதத்தில் ஸ்கேல் வைத்து நானே வரைந்த வீட்டு வரைபடம், அறை அளவுகளும் திசையும் எழுதி. இந்த வரைபடம் மட்டுமே எனக்கு எத்தனையோ வீண் போன்களை மிச்சப்படுத்தியது. சமையல் மேடை எந்தப் பக்கம், கழிப்பறை எந்த மூலை என்று வாஸ்து பார்ப்பவர்கள் படத்திலேயே முடிவு செய்துகொண்டார்கள்.

மழைத் தண்ணீர் விஷயம் தனி. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்கள், தென் பக்கத்துப் புறநகரில் வீடு என்றாலே முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். எதிர் வீட்டு அக்கா மிக்ஜாம் அன்று மாடியிலிருந்து எடுத்த வீடியோ வைத்திருந்தார். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர், கேட்டுக்கு உள்ளே இல்லை. அதை வாங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ரயில் சத்தத்துக்கும் அப்படித்தான், பால்கனியில் நின்று மின்சார ரயில் போகும்போது ஒரு வீடியோ. “இதையெல்லாமா காட்டுவாங்க மேடம்” என்று புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் பிடிக்காதவர் மாடி ஏறி வந்து கேட்டுவிட்டுப் போவதைவிட, அவர் வீட்டிலிருந்தே கேட்டுவிட்டு வராமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

போன்கள் குறைந்தன. ஆனால் கேள்விகள் மாறின. யுடிஎஸ் எவ்வளவு, இருபது வருஷக் கட்டடத்துக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும், அசோசியேஷனில் பாக்கி இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மார்கழியில் வந்து பார்த்து, தை பிறந்ததும் டோக்கன் கொடுத்தவர்கள் பக்கத்து அஸ்தினாபுரத்தில் வாடகைக்கு இருந்த தம்பதி. டேப் எடுத்து வந்து என் வரைபடத்தோடு ஒத்துப்பார்த்தார்கள், சரியாக இருந்தது. பேச்சுவாக்கில் அந்தப் பெண், “ஆடியிலேயே இந்த வீடு எங்க கண்ணுல பட்டுச்சுக்கா. அந்த பாத்ரூம் படத்தைப் பாத்துட்டு அப்படியே தள்ளிட்டோம். இது அதே வீடுன்னு இங்க வந்து படி ஏறும்போதுதான் தெரிஞ்சுது” என்றாள். நான் சிரித்து வைத்தேன். திருச்சி போகும் வரை வயிறு எரிந்தது.

கணக்குப் போட்டால், மாதம் 2,800 மெயின்டனன்ஸ், தாம்பரம் மாநகராட்சிக்கு ஒரு அரையாண்டு வீட்டு வரி, ரயில் செலவு, பெயின்ட், எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்துக்குக் கிட்டே. அது பெரிதில்லை. 51-க்கு முடிந்த வீடு ஆனியிலேயே ஒழுங்கான படத்தோடு போயிருந்தால் 54-க்குப் போயிருக்குமா என்றால், சத்தியம் செய்து சொல்ல முடியாது. 52 என்று ஊரறியக் குறைத்துப் போட்ட பிறகு அதற்கு மேல் யாரும் பேசவில்லை என்பது மட்டும் உறுதி.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்பதைப் பத்திரப்பதிவு முடிந்த சந்தோஷத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். விற்ற பிறகும் படங்கள் இணையத்தில் கிடக்கும். பதிவு முடிந்த அன்றே எல்லாப் புரோக்கருக்கும் ‘விற்றாகிவிட்டது, விளம்பரத்தை எடுத்துவிடுங்கள்’ என்று எழுதி, ஒரு வாரம் கழித்து நீங்களே தேடிப் பாருங்கள். நீங்கள் கமிஷன் பாக்கி தர வேண்டிய புரோக்கருக்கு, விளம்பரத்தை எடுத்த பிறகு மீதியைக் கொடுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். நான் அப்படித்தான் செய்தேன். அப்படியும் பங்குனியில் யாரோ ஒருவர் அந்தத் தம்பதியின் கதவைத் தட்டி, வீடு 49-க்கு இருக்கிறதாமே என்று கேட்டிருக்கிறார். அவள் எனக்குப் போன் செய்து சிரித்தாள். எந்தத் தளம், யார் நம்பர் என்று கேட்டு வாங்கி, அன்றைக்கே இன்னொரு புகார் எழுதிப் போட்டேன்.